பொது இடச் சிற்பியாக எந்த வழி? காத்திருக்கும் காலத்துக்கு யார் படியளப்பது?

நாலு பேர் நடமாடும் இடத்தில் நிற்கிற மாதிரி ஒரு சிலை செய்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் கேட்பது, கல்லுக்குப் போவதா, வெண்கலத்துக்குப் போவதா, ஃபைபருக்குப் போவதா என்பதைத்தான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. பொது இடத்துச் சிலைக்கு ஆர்டர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தாலும் பணம் தவணை தவணையாகத்தான் வரும். சிலை தயாராகியும் திறப்பு விழாவுக்குத் தேதி கிடைக்காமல் சாக்கு சுற்றிய நிலையில் மாதக்கணக்கில் நிற்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அந்த நாட்களில் வீட்டு வாடகையை எந்த வேலை கட்டும்? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் வழிகளை ஒப்பிடப் போகிறேன்.

பெரிய பெயர்களை எடுத்துப் பாருங்கள். மெரினாவில் உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் 1959இல் வந்தவை. இரண்டையும் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1929 தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். மாதச் சம்பளம் உண்டு, இடம் உண்டு, கூட நிற்க மாணவர்களும் உண்டு. (பாறையை நெம்பும் அந்த நாலு பேரில் ஒருவருக்கு மாதிரியாக நின்றவர் பள்ளியின் காவலாளி என்பார்கள். ஆக, அவருக்கும் சம்பளம் அங்கேதான்.) கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்தவர். அந்தச் சிலைக்கு அடிக்கல் நாட்டியது 1979, திறந்தது 2000 ஜனவரி 1. இடையில் இருபது ஆண்டுகள். அந்த ஒரு ஆர்டரை மட்டும் நம்பி ஒரு சிற்பி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பார்?

நர்மதைக் கரையில் 182 மீட்டர் பட்டேல் சிலையை வடிவமைத்த ராம் சுதார் கதை கொஞ்சம் வேறு. எல்லோராவில் தொல்லியல் துறைக்காகச் சிற்பங்களைச் சீர் செய்தார். பிறகு டெல்லியில் மத்திய அரசு வேலை. அதை 1959இல் விட்டுவிட்டுத் தனியாக இறங்கினார். சம்பல் ஆற்றின் காந்தி சாகர் அணையில் அவர் செய்த 45 அடிச் சிலை பெயர் வாங்கித் தந்தது. பட்டேல் சிலை திறந்தது 2018இல். அப்போது அவருக்கு வயது 93. துணிந்து வெளியே வந்தவர்தான், ஆனால் வருவதற்கு முன்னால் அவரும் சில ஆண்டுகள் சம்பளத்தில் இருந்திருக்கிறார்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பவை நாலு. கற்பட்டறை, கவின் கலைக் கல்லூரி வழியாக உருவச் சிலை, சிமெண்ட்டும் ஃபைபரும், அப்புறம் சொந்தக் கற்பனையில் செய்யும் நவீன சிற்பம்.

கல்

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் கல், சுதை (சுண்ணாம்புச் சாந்து), உலோகம், மரம் என்று மரபுச் சிற்பத்தில் பட்டம் படிக்கலாம். கோயில் கட்டடக்கலை தனிப் படிப்பு. கல்லூரி வேண்டாம் என்றால் ஊரெங்கும் பட்டறைகள் இருக்கின்றன. நேராகப் போய்ச் சேர்ந்துவிடலாம். பட்டறையில் முதலில் உருவம் செதுக்கத் தர மாட்டார்கள். கல் புரட்டுவது, தளம் எடுப்பது, கரை அடிப்பது என்று போகும். கல்லில் செங்காவியால் கோடு போடுவது மூத்தவர் வேலை. அந்தக் கோட்டைத் தாண்டாமல் உடைப்பது இளையவர் வேலை. நாள் முழுக்க அடித்தால் உளி முனை மழுங்கிவிடும். காய்ச்சி அடித்துக் கூராக்குவது தனிக்கலை. இப்போது கார்பைடு முனை உளியும் கிரைண்டரும் வந்ததில் வேலை வேகமாக நடக்கிறது, தூசும் அதே வேகத்தில் பறக்கிறது.

அந்தத் தூசியைப் பற்றி யாரும் சேரும்போதே சொல்வதில்லை என்பதால் நான் சொல்லிவிடுகிறேன். கருங்கல்லில் படிகக்கல் கலந்திருக்கிறது. கிரைண்டரில் அறுக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும், வந்தால் குணமாகாது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை. தண்ணீர் ஊற்றி அறுக்கிற பட்டறையா, நல்ல முகமூடி கொடுக்கிற பட்டறையா என்பதைக் கூலி பேசுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

படியளக்கும் விஷயத்தில் நாலு வழியிலும் கல்தான் உறுதியானது. கோயில் திருப்பணி நிற்பதில்லை. வீட்டுப் பூஜையறைக்குப் பிள்ளையார், ஓட்டல் வாசலுக்கு யாளி, வெளிநாட்டுக் கோயிலுக்குத் தூண் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஹவாய்த் தீவில் எழுந்த இறைவன் கோயில் கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பு. கற்கள் பெங்களூரு பக்கம் செதுக்கப்பட்டு கப்பலேறின. உளி பிடிக்கத் தெரிந்தவன் பட்டினி கிடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் உங்கள் ஆசை கோயில் விக்கிரகம் அல்ல, ஊர் நடுவில் நிற்கும் சிலை என்றால், கல்லில் அந்த வாய்ப்பு அபூர்வம். தலைவர் சிலை கேட்டு வருகிறவர்கள் கல்லைக் கேட்பதில்லை. எடை, செலவு, நாள் மூன்றும் கூடுதல். அதோடு மரபுச் சிற்பம் தாளம் என்ற உடல் அளவுக் கணக்கில் வளர்ந்தது. முகம் இத்தனை, மார்பு இத்தனை, தொடை இத்தனை என்று அளவு முன்பே நிற்கும். அந்த அளவில் பழகிய கைக்கு, செத்துப்போன ஒரு மனிதரின் சப்பை மூக்கையும் கோணல் சிரிப்பையும் பிடிப்பது வேறு வித்தை. கன்னியாகுமரியில் 38 அடிப் பீடத்தின் மேல் 95 அடியில் நிற்கும் வள்ளுவர் கல்லில் சாதித்தது உண்மை. அறத்துப்பாலின் 38 அதிகாரம் கீழே, மிச்சம் 95 மேலே. ஆனால் வள்ளுவருக்குப் போட்டோ கிடையாது, 'எங்கப்பா இப்படி இருக்கமாட்டாரே' என்று சொல்ல ஆளும் கிடையாது.

உருவச் சிலை

நம் ஊரில் பொது இடச் சிற்பம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் அது மனித உருவச் சிலைதான். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சந்தை அங்கேதான் இருக்கிறது. அதனால் இந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

படிப்புக்கு இரண்டு அரசுக் கல்லூரிகள். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சென்னைக் கவின் கலைக் கல்லூரி ஒன்று, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரி இன்னொன்று. இரண்டும் நாலு ஆண்டுப் படிப்பு, கட்டணம் குறைவு. சென்னை என்றால் எல்லோருக்கும் மவுசு. கண்காட்சிகள், கேலரிகள், கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் பட்டறைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரம் என்பதும் உண்மை. இருந்தாலும் உருவச் சிலைதான் குறிக்கோள் என்று முடிவாகிவிட்டால் நான் கும்பகோணத்தைச் சொல்வேன். காரணம், வெண்கல வார்ப்புப் பட்டறைகள் உள்ள சுவாமிமலை. பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம்.

கல்லூரியில் களிமண்ணில் உருவம் பிடிக்கச் சொல்லித் தருவார்கள். அதன் பிறகு நடப்பதுதான் தொழில். அது பெரும்பாலும் வார்ப்புக்காரர்களின் கையில் இருக்கிறது. சுவாமிமலையில் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பிசைந்து உருவம் செய்வார்கள். அளவுக்கு டேப் கிடையாது, தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு வைக்கும் ஒடியோலை. மெழுகின் மேல் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசி, காய்ந்ததும் கனமான மண் பூசி, கம்பி கட்டி, சூடாக்கினால் மெழுகு ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். ஒரு கிலோ மெழுகுக்கு ஏறக்குறைய ஒன்பது கிலோ உலோகம் வேண்டும். இந்த ஒரு கணக்கை வைத்தே மெழுகு நிலையில் வெண்கலச் செலவை ஊகித்துவிடலாம்.

மரபு வழியில் சிறு விக்கிரகங்கள் கன வார்ப்பு, உள்ளே முழுக்க உலோகம். சாலையில் நிற்கும் தலைவர் சிலை பொள்ளல் வார்ப்பு, உள்ளே காலி. தலை, மார்பு, கை, கால் என்று துண்டு துண்டாக வார்த்து வெல்டிங் வைத்து, ஒட்டுத் தெரியாமல் ராவி, அமிலமும் சூடும் காட்டி நிறம் ஏற்றுவார்கள். சுவாமிமலைப் பட்டறைகளுக்குப் பெரிய அளவு புதிதல்ல. டெல்லி பாரத மண்டபத்தின் முன்னால் 2023 ஜி20 மாநாட்டுக்காக நிறுத்திய 27 அடி நடராஜர் அங்கே ராதாகிருஷ்ண ஸ்தபதியும் சகோதரர்களும் வார்த்தது. எடை 18 டன் அளவில். நாட்டின் தலைநகரத்தில், உலகத் தலைவர்கள் வந்துபோன வாசலில் நிற்பது ஒரு குடும்பப் பட்டறையின் வேலை.

ஆர்டர் வரும்போது நடப்பதைச் சொல்கிறேன். உருவச் சிலைக்காரர் ஷெட்டில் பெரிய பரீட்சை என்பது குடும்பத்தாரோ விழாக்குழுவோ களிமண் தலையைப் பார்க்க வரும் நாள். அவர்கள் கொடுத்திருப்பது ஒரே ஒரு போட்டோ, அதுவும் நேர்முகமாகப் பார்த்து எடுத்தது, பழைய கறுப்பு வெள்ளையைப் பெரிதாக்கியது. மூக்கு எவ்வளவு எழும்பியிருந்தது, தாடை எங்கே மடங்கியது என்று பக்கவாட்டில் தெரிய வழியே இல்லை. ஈரச் சாக்கை எடுத்ததும் முதலில் ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் மகன், 'அப்பாவுக்கு இவ்வளவு கன்னம் இல்லீங்களே' என்பார். மருமகள், 'கண்ணு அப்படியே மாமாதான், வாய்தான் யாரோ மாதிரி இருக்கு' என்பார். கூட வந்த கட்சிக்காரர், 'அண்ணே, கொஞ்சம் இளமையா வெச்சிடுங்க' என்பார். மூன்றையும் கேட்டு, எது உண்மையான தப்பு, எது பாசம், எது அரசியல் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். அதற்குப் பட்டம் உதவாது. பத்து தலை செய்தால் வரும்.

இன்னொரு நுணுக்கம். பத்தடிப் பீடத்தின் மேல் ஆறடி மனிதரை ஆறடியாகவே வைத்தால் கீழிருந்து பார்க்கிறவனுக்குப் பொம்மை மாதிரி தெரியும். அதனால் ஆளைவிடப் பெரிதாகச் செய்வார்கள். முகத்தை லேசாக முன்னால் சாய்ப்பதும் உண்டு. களிமண் உருவத்தைத் தரையில் வைத்துப் பார்த்து 'தலை பெரிசா இருக்கே' என்று சொல்லும் விழாக்குழுவை, பீடத்தின் உயரத்தை மனதில் வைத்துப் பார்க்கச் சொல்லிச் சமாளிக்க வேண்டும்.

இந்த வழியில் பணம் எப்படி? முதல் ஐந்தாறு ஆண்டுகள் சொந்த ஆர்டர் வராது. பெரிய சிற்பியின் ஷெட்டில் களிமண் ஏற்றுவது, அச்சு எடுப்பது என்று கூலிக்குத்தான் நிற்க வேண்டும். பிறகு வருவதும் ஆள் பார்த்து வரும். சிலைக்கு ஆர்டர் கொடுக்கிறவர் பக்கத்து ஊரில் நின்ற சிலையைப் பார்த்து, 'இது யார் செஞ்சது' என்று விசாரித்து வருகிறவர். ஒரு மாவட்டத்தில் ஒரு சிலை நன்றாக அமைந்தால் அதே மாவட்டத்தில் இன்னும் இரண்டு வரும். அரசு வைக்கும் சிலைகளில் டெண்டர் எடுப்பவர் பல நேரம் கட்டட ஒப்பந்தக்காரர். சிற்பி அவருக்குக் கீழே வேலை செய்பவர். குறைந்த விலை கேட்டவருக்கு வேலை என்ற விதியில் கலவை உலோகத்தின் தரமும் உள்ளே வார்ப்பின் கனமும் முதலில் அடிபடும். தேர்தல் வந்தால் எல்லாம் நிற்கும். நடத்தை விதி அமலில் இருக்கும் மாதங்களில் இருக்கிற சிலைகளுக்கே துணி சுற்றுகிறார்கள், புதிய சிலைக்கு யார் பணம் விடுவார்?

அதனால் இந்த வழியில் போகிறவர் வெறும் களிமண் சிற்பியாக நின்றுவிடக் கூடாது என்பது என் கட்சி. அச்சும் வார்ப்பும் தெரிந்தவனுக்கு, தன் ஆர்டர் இல்லாத மாதத்தில் அடுத்தவர் ஆர்டர் சோறு போடும். களிமண்ணில் தலை பிடிக்கும் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் வார்ப்புக்கு வெளியே கொடுத்து, லாபத்தில் பெரும்பகுதியை அங்கே விட்டுவிட்டு வருகிறார்கள். கும்பகோணத்தைச் சொன்னதன் காரணம் இதுதான். படிக்கிற காலத்திலேயே விடுமுறைகளில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து, உலைக்குக் கரி போடுவது முதல் பார்த்துவிடலாம்.

சிமெண்ட்டும் ஃபைபரும்

நாலு வழியில் சீக்கிரம் காசு பார்ப்பது இங்கேதான். ஃபைபரில் களிமண் உருவத்தின் மேல் அச்சு எடுத்து, உள்ளே ரெசினும் கண்ணாடி இழைப் பாயும் அடுக்கடுக்காக ஒட்டி, இறுகியதும் பிரித்து, வெண்கலப் பெயிண்ட் அடித்தால் பத்தடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது. எடை குறைவு, கிரேன் வேண்டாம். சினிமா செட், கல்யாண மண்டபம், பொருட்காட்சி, கடை வாசல், பூங்காவில் யானை, டைனோசர் என்று வேலை ஓயாது. ஒரு அச்சிலிருந்து நாலு காமராஜர் எடுக்கலாம். கௌரவக் குறைவு என்று கல்லூரிப் பிள்ளைகள் ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

குறை இல்லாமல் இல்லை. வெயிலில் சில ஆண்டுகளில் மேல்பூச்சு வெளுத்து மாவாக உதிரும். உள்ளே வைத்த இரும்புக் குழாய் கடலோர ஊரில் துருப்பிடிக்கும். ரெசினும் கெட்டியாக்கும் திரவமும் மூடிய அறையில் தலைவலியில் தொடங்கி எங்கோ போய் முடியும். எல்லாவற்றையும்விட, வேகத்துக்குப் பழகிய கை மெதுவாகச் செய்ய மறுக்கும்.

சிமெண்ட்டும் சுதையும் மட்டமான வேலை என்று நினைக்கிறவர்கள் மலேசியாவின் பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும். 2006இல் திறந்த அந்த 140 அடிச் சிலையைச் செய்தவர் திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி. அவரே பின்னால் சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முத்துமலை முருகனையும் எழுப்பினார், 2022இல் குடமுழுக்கு நடந்தது. இங்கே சிற்பி பாதி, கட்டடப் பொறியாளர் பாதி. கம்பி கட்டுவதில் பிசகினால் காற்றும் மழையும் கணக்குக் கேட்கும். கடற்கரையில் கம்பி துருப்பிடித்து உப்பி, சிமெண்ட்டைப் பிளந்துவிடும். கோபுரத்தில் சுதை வேலை செய்து வளர்ந்தவர்களுக்கு இந்த வழி இயல்பாக அமையும். குடமுழுக்குக்குக் குடமுழுக்கு கோபுர பொம்மைகளைப் பழுது பார்க்கும் வேலையும் இருப்பதால் சோற்றுக்குக் கவலை இல்லை.

சொந்தக் கற்பனை

நாலாவது வழி, யாருடைய முகமும் இல்லாத, சிற்பியின் மனதில் எழுந்த வடிவத்தைப் பொது இடத்தில் நிறுத்துவது. கல்லூரியில் சேரும் பாதிப் பேருக்கு உள்ளூர ஆசை இதுதான். கானாயி குஞ்ஞிராமன் சென்னையில் படித்து, லண்டன் போய்த் திரும்பி, 1969இல் மலம்புழா அணைத் தோட்டத்தில் யட்சியை வைத்தார். கோவை, பாலக்காடு பக்கத்துக்காரர்கள் சுற்றுலா போய்ப் பார்த்திருப்பீர்கள். நிர்வாணமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் அந்த முப்பதடிப் பெண்ணைப் பார்த்துக் கேரளம் கொதித்தது, பிறகு பெருமைப்பட்டுக்கொண்டது. அரசின் அணையில் அரசே இடம் கொடுத்து அப்படி ஒன்றை நிறுத்த முடிந்திருக்கிறது. தமிழ்நாட்டு அணைப் பூங்காக்களில் அதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல எனக்கு வரவில்லை.

இங்கே படியளப்பது யார்? சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைக் கட்டியவர்கள் அதற்கு ஒரு விடை கண்டார்கள். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிய ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் அங்கே நின்றார்கள். பகலில் பாத்திக், மிச்ச நேரத்தில் சிற்பம். பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டை அடித்து மடித்து உருவாக்கிய வடிவங்களை இன்றைக்கும் பார்க்கிறோம். ஆனால் அது கண்காட்சிக்குப் போன கலை. தெருவுக்கு வந்தது கொஞ்சம்தான்.

வெளிநாட்டில் கதை வேறு. பொதுக் கட்டடம் கட்டும் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கும் சட்டத்தை அமெரிக்காவின் பிலடெல்ஃபியா 1959இலேயே கொண்டுவந்தது. பல நகரங்கள் பின்பற்றின. அங்கே பொது அழைப்பு விடுவார்கள், சிலரைத் தேர்ந்தெடுத்து மாதிரி செய்யச் சொல்வார்கள். பல இடங்களில் அந்த மாதிரிக்கே தனியாகப் பணம் உண்டு. நம்மூரில் மாதிரி செய்து காட்டுவது இலவச சேவை. அங்கேயும் எல்லாம் சுகமில்லை. நியூயார்க்கில் ரிச்சர்ட் செர்ரா 1981இல் நிறுத்திய 120 அடி நீள இரும்புச் சுவரை, அங்கே வேலை செய்தவர்கள் வழியை மறைக்கிறது என்று சண்டை போட்டு, 1989இல் அறுத்து எடுத்துவிட்டார்கள். சிகாகோவில் அனிஷ் கபூரின் எஃகு மேகத்தை 2006இல் முறைப்படி திறந்தார்கள். அதை உருவாக்கியது பொறியாளர்களும் வெல்டர்களும் அடங்கிய நிறுவனங்கள். அந்த அளவுக்குப் போனால் சிற்பி கையில் உளி இருக்காது, ஒப்பந்தக் காகிதம்தான் இருக்கும். பட்டேல் சிலைக்கே மேற்போர்வை வெண்கலத் தகடுகள் சீனாவில் வார்க்கப்பட்டவை.

இந்த வழிக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதவும், மூன்றாவது ஆளுக்குப் புரிகிற மாதிரி வரைபடம் போடவும், ஆண்டுக்கு இருபது முறை 'இல்லை' என்ற பதிலைப் படிக்கவும் தெம்பு வேண்டும். வீட்டில் வருமானம் இருக்கிறவர்களும், வேறு வேலை கையில் இருக்கிறவர்களும் முயலலாம். மற்றவர்கள் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பழைய இரும்பில் மீனும் மயிலும் செய்து மாநகராட்சி ரவுண்டானாவில் வைக்கும் வேலை இப்போது பெருகியிருக்கிறது. வெல்டிங் தெரிந்த கவின் கலை மாணவருக்கு அது ஒரு இடைவழி.

வேலையோடு சிற்பம்

ஆசிரியர் வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். ராய் சௌத்ரி காலத்துப் பதவிகள் இன்றைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். பகுதி நேர ஓவிய ஆசிரியர், கௌரவ விரிவுரையாளர் என்று கிடைப்பவற்றில் சம்பளம் ஒரு ஷெட் வாடகைக்குக் காணாது, ஆனால் வாரத்தின் ஈரமான மணி நேரங்களைத் தின்றுவிடும். ஈரமான என்று சொன்னது களிமண்ணை மனதில் வைத்து. அரைகுறையாக விட்டுப்போன தலை நாலு நாளில் வெடித்துவிடும். முழு நேர அரசுப் பணி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். அது கிடைக்கும் என்று காத்திருப்பதைத் திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

சிலை நின்ற பிறகு

எந்த வழியில் போனாலும் இது பொது. பொது இடத்துச் சிலைக்குச் சிற்பி பொறுப்பாளி, ஆனால் உரிமையாளர் இல்லை. மெரினா கண்ணகியை 2001 டிசம்பரில் எடுத்தார்கள், 2006இல் திரும்ப வைத்தார்கள். அதே 2006இல் காமராஜர் சாலையில் வைத்த சிவாஜி கணேசன் சிலை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற வழக்கில் 2017இல் அடையாறு மணிமண்டபத்துக்குப் போனது. சாலையிலும் நடைபாதையிலும் புதிய சிலைக்கு அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டது. தென் மாவட்டங்களில் தலைவர்களின் சிலைகள் இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன. மூக்கு நுனிக்கு மாதக்கணக்கில் உயிரைக் கொடுத்த சிற்பி அந்தக் கம்பிகளுக்கு நடுவே தன் வேலையை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தில் சிற்பிக்கு ஒரு பிடி உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்ட வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அவரிடம் சொல்லாமலே பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவின்படி படைப்பைச் சிதைக்காமல் காக்கும் உரிமை படைத்தவனுக்கு உண்டு என்று சொல்லி, மிச்சத்தை அவரிடமே ஒப்படைக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தீர்ப்பளித்தது. பெயர்த்ததற்கும் தீர்ப்புக்கும் இடையே 26 ஆண்டுகள். அதனால் வழக்கை நம்புவதைவிடக் காகிதத்தை நம்புங்கள். இடத்துக்கான அனுமதி ஆர்டர் கொடுப்பவர் பொறுப்பு என்று எழுதி வாங்க வேண்டும். களிமண் நிலையில் ஒப்புதல் கையெழுத்தும், அந்த நாளின் போட்டோவும் வேண்டும். வார்ப்புக்குப் போகும் முன் உலோகத்துக்கான பணம் முழுக்கக் கையில் வந்திருக்க வேண்டும். கடைசித் தவணையைத் திறப்பு விழாவோடு முடிச்சுப் போட ஒப்புக்கொள்ளக் கூடாது. சிலை பட்டறையை விட்டுக் கிளம்பும் நாளோடு முடிச்சுப் போடுங்கள். விழா எப்போது நடக்கும் என்பது அமைச்சருக்கே தெரியாது.

என் கணக்கு இப்படி வருகிறது. கையில் காசில்லை, உடம்பில் தெம்பிருக்கிறது, கோயில் வேலையில் மனம் ஒட்டும் என்றால் மாமல்லபுரம். முகம் பிடிக்கும் திறமை பள்ளியிலேயே தெரிந்துவிட்ட பிள்ளைக்குக் கும்பகோணமும் சுவாமிமலையும். இதைத்தான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வேன், முதல் சில ஆண்டுகள் ஃபைபர் வேலை எடுத்துச் செலவைச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற துணைக்குறிப்போடு. சொந்தக் கற்பனை உள்ளவர்கள் இந்த மூன்றில் ஒன்றில் கால் ஊன்றிக்கொண்டு ஆண்டுக்கு ஒரு வடிவத்தைத் தனக்கென்று செய்து வைத்துக்கொண்டே வரட்டும். அழைப்பு வரும் நாளில் காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும் அல்லவா. பெண்களுக்கு ஒரு வார்த்தை தனியாக: பட்டறைகளில் இன்னும் ஆண்கள் ராஜ்யம்தான். கழிப்பறை இருக்கிறதா என்பதையே முதல் கேள்வியாகக் கேட்க வேண்டிய நிலை. கல்லூரி வழியாகப் பழக்கமாகி உள்ளே போவது அவர்களுக்குச் சுலபம்.

எந்தப் பட்டறையில் சேர்வது என்று பார்க்கப் போகும்போது, அங்கே வேலை செய்கிறவர்களிடம் தனியாக நாலு விஷயம் கேளுங்கள். கூலி வாரக் கடைசியில் வருகிறதா, ஆர்டர் முடிந்தால்தான் வருகிறதா? மூன்று ஆண்டு இருந்தவரைச் சிலையின் முகத்தில் கை வைக்க விட்டிருக்கிறார்களா? அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? போன மழைக்காலத்தில் வேலை நின்றதா? முதலாளியிடம் கேட்டால் வேறு பதில் வரும்.